டீயில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?



இம்முறை நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட காரியம் ஒரு டம்ளர் டீ. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். வைத்தியம் சம்பந்தமானதை டாக்டர்கள் எழுதாமல் சிற்றாலயத்தில் ஊழியம் செய்கிறவர்கள் எழுதுவானேன் என்றும் கேட்கலாம். காரணம் உண்டு. டாக்டர் ஐயா வார்டைச் சுற்றி வரும்போது நோயாளிகள் பயந்து, "எல்லாம் விட்டுட்டேன் ஐயா" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் போனபின் ஜெபிக்கப் போகிற எங்களிடம்தான் உண்மையாய் என்ன குடிக்கிறார்கள், எத்தனை வேளை குடிக்கிறார்கள் என்று மனம் திறந்து சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டு அவர்களில் பாதிப்பேர் கேட்கிற கேள்வியையே மேலே தலைப்பாகப் போட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு ஆதரவாளர்களிடமிருந்து வந்த கடிதங்களிலும் இதே கேள்வி பலமுறை வந்தது. நம் ஆஸ்பத்திரி டாக்டர்களிடமும் உணவு ஆலோசகரிடமும் உட்கார்ந்து கேட்டு, சமையலறையில் நாங்களே செய்தும் பார்த்து இதை எழுதுகிறோம்.

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தை அறிந்தவர்களுக்கு இங்கே டீ எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு ஏறுகிற பஸ்ஸும், பெரியகுளம், தேனி போகிற பஸ்ஸும், மதுரை, திண்டுக்கல் போகிற பஸ்ஸும் இங்கே நின்றுதான் போகும். நின்றால் டீ. வேடிக்கை என்னவென்றால், நமக்கு மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் விளைவது காப்பி. டீத்தூள் நீலகிரியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் வரவேண்டும். ஆனாலும் உழைக்கிற ஜனங்கள் குடிப்பது டீதான். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகள் எங்கும் "கருப்பட்டி காபி, கருப்பட்டி டீ" என்ற பெயர்ப்பலகை பெருகியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீனி விஷம், கருப்பட்டி மருந்து என்ற எண்ணம் அந்தப் பலகைகளோடு ஊர் ஊராய்ப் பரவிவிட்டது.

அந்த எண்ணத்தால் வந்த ஒரு துன்பத்தை முதலில் சொல்லுகிறோம். நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், காலில் புண்ணோடு நம்மிடம் வந்து சேர்ந்தார். மல்லிகை விடியுமுன் பறிக்க வேண்டிய பூ. இரவு இரண்டு மணிக்கே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு டீதான் உயிர். சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கு நான்கு வருடமாய்த் தெரியும். அன்றிலிருந்து சீனியைத் தொட்டதில்லை என்று ஆணையிட்டுச் சொன்னார். அது பொய்யல்ல. ஆனால் நாளுக்கு ஐந்து டம்ளர் கருப்பட்டி டீ. கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்ற தைரியத்தில், மாத்திரையையும் ஒரு வேளை போட்டு ஒரு வேளை விட்டிருக்கிறார். தோட்டத்தில் முள் குத்தியது தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. புண் சீழ் பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் வீட்டார் கண்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை செய்தபோது 11-க்கு மேல் இருந்தது. பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு அது 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது.

புண்ணுக்குக் காரணம் கருப்பட்டி மட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் அதுதான்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நன்றாய்ச் சுத்திகரித்த வெள்ளைச் சீனி ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள். கருப்பட்டியிலும் கரும்பு வெல்லத்திலும் 100 கிராமுக்குச் சுமார் 70 முதல் 85 கிராம் வரை இருப்பதும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். மீதி ஈரம், கொஞ்சம் தாது உப்பு, நிறமும் மணமும் தருகிற பொருட்கள். சுக்ரோஸ் எங்கிருந்து வந்தாலும், பனையானாலும் கரும்பானாலும், நம் குடலில் உடைந்து பாதி குளூக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் இரத்தத்தில் ஏறுகிறது. அது ஆலையில் வெந்ததா, பனங்காட்டு அடுப்பில் வெந்ததா என்று குடல் கேட்பதில்லை. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் ஏறத்தாழ 10 கிராம். கருப்பட்டியில் இனிப்புச் சற்றுக் குறைவானபடியால் ஜனங்கள் கொஞ்சம் பெரிய துண்டாய்ப் போடுகிறார்கள். 12 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரைச் சத்து 9, 10 கிராம் வந்துவிடும். ஐந்து டம்ளருக்குச் சீனியானால் 50 கிராம், கருப்பட்டியானால் 48 கிராம். நம் பூ விவசாயி நான்கு வருடமாய்க் காத்துவந்த பத்தியம் நாளொன்றுக்கு இந்த இரண்டு கிராம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட பரிந்துரையில், நாம் சேர்த்துக்கொள்கிற சர்க்கரை மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. இந்த இரண்டாவது அளவு நாளைக்குச் சுமார் 25 கிராம். இது நோயில்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. தேனும் அந்தச் சர்க்கரைக் கணக்கில்தான் வருகிறது.

"அப்படியானால் கருப்பட்டியில் இரும்புச் சத்து இருக்கிறதே" என்று சபைகளில் சகோதரிகள் கேட்பதுண்டு. இருக்கிறது. ஆனால் டீயில் போடுகிற ஒரு துண்டில் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்திருக்கிறது. அதோடு, டீயிலுள்ள துவர்ப்புப் பொருளே இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கிறது. இரும்புக்காகக் கருப்பட்டியைத் தேடுகிறவர் அதை டீயில் போடுவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதைப் போன்றது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களோ இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பொட்டாசியம் உண்டு, அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் மாறக்கூடாது.

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து நமக்காக ஜெபிக்கிற ஆதரவாளர்கள் இதை வாசித்து மனம் வருந்த வேண்டாம். இடையன்குடியிலும் மெஞ்ஞானபுரத்திலும் பனையேறிகளின் உழைப்பில் எழும்பிய சபைகளை நாங்கள் அறிவோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கி, கோடை வெயிலில் அடுப்பின் முன் நின்று காய்ச்சுகிற அந்த வேலை எவ்வளவு கடினமானது! உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். பனையேறிக் குடும்பங்கள் பிழைக்கக் கருப்பட்டி வாங்குங்கள். நல்ல சரக்காய்ப் பார்த்து வாங்குங்கள். ஏனெனில் மலிவு விலையில் வருகிற பலவற்றில் வெள்ளைச் சீனியையே காய்ச்சிக் கலந்திருக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பனைக்கு நாம் செலுத்துகிற மரியாதை ஒன்று, சர்க்கரை வியாதிக்கு எடுக்கிற மருந்து வேறொன்று. இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் விண்ணப்பம்.

சமையலறையில் செய்து பார்த்ததைச் சொல்லுகிறோம். ஒரு நாள் காலை ஜெபம் முடிந்தபின், நர்சுகளும் டிரைவரும் உணவு ஆலோசகரும் நாங்களுமாகக் கூடி, ஒரே டிகாஷனில் பலவித இனிப்பைப் போட்டுக் குடித்துப் பார்த்தோம்.

முதல் டம்ளரே தோல்வி. கொதிக்கிற பால் டீயில் கருப்பட்டியைப் போட்டதும் திரிந்துவிட்டது. பாலிலுள்ள புரதம் சூட்டில் மட்டும் எளிதில் திரிவதில்லை. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள லேசான புளிப்பும் உப்புகளும் கொதிசூட்டோடு சேரும்போது கட்டியாகிவிடுகிறது. பால் சற்றுப் பழையதானால் இன்னும் சீக்கிரம் திரியும். கருப்பட்டியைத் தனியே கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி (மண்ணும் நாரும் எவ்வளவு நின்றது என்று பார்த்தால் அடுத்த முறை வடிகட்டாமல் விடமாட்டீர்கள்), டிகாஷனில் கலந்து, அடுப்பை அணைத்தபின் காய்ச்சிய பாலை ஊற்றினோம். திரியவில்லை. ருசி மிக நன்றாயிருந்தது என்பதை மறைக்கமாட்டோம். பிரச்சினை ருசியில் இல்லை.

நாட்டுச்சர்க்கரை, கவுந்தப்பாடிச் சரக்கு, லேசான பாகு வாசனையோடு இருந்தது. பளிச்சென்று மஞ்சளாய் மின்னுகிற வெல்லத்தை நாங்கள் வாங்கவில்லை. நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் வெளுப்பான் சேர்ப்பதுண்டு. கறுத்த சரக்கே மேல். ஆனால் இரத்தத்துக்கு இதுவும் சீனியின் தம்பிதான்.

தேனுக்கு எங்கள் பக்கத்தில் தனி மதிப்பு. பழனி மலையில் பளியர் மக்கள் பாறை இடுக்குகளில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கிற மலைத்தேன் இங்கே சந்தைக்கு வருவதுண்டு. டீயில் ஊற்றியபோது தேன் வாசனை டீயை அமுக்கிவிட்டது. பால் விடாத டீயில் எலுமிச்சையோடு நன்றாயிருந்தது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர். ஃபிரக்டோஸ் கூடுதலாய் இருப்பதால் சீனியைவிடக் கொஞ்சம் இனிப்பு அதிகம். ஆகவே கொஞ்சம் குறைத்துப் போடலாம், அவ்வளவுதான் லாபம். கொதிக்கிற டீயில் ஊற்றினால் அதன் நறுமணமும் நொதிகளும் கெடும். கடைத் தேனைப் பற்றியோ, டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 வணிகப் பெயர்களில் மூன்றே மூன்றுதான் எல்லாச் சோதனையிலும் தேறின. மற்றவை சர்க்கரைப் பாகு கலப்படச் சந்தேகத்துக்கு உள்ளாயின. தேன் தின்பதில் அளவு வேண்டுமென்று நீதிமொழிகள் 25-ம் அதிகாரத்தில் இரண்டு இடத்தில் எச்சரிப்பு இருப்பதைச் சர்க்கரை நோயாளிகளுக்கு நாங்கள் நினைப்பூட்டுவதுண்டு. தேனைப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறோம்: பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயது நிரம்புமுன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். தாத்தா பாட்டிமார் இதில் கோபித்துக்கொள்ளலாகாது.

பிறகு மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் வந்தோம். இவை வேறு ஜாதி. இவற்றில் இனிப்பு உண்டு, சர்க்கரை இல்லை. மூத்தது சாக்ரின், 1879-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் சோதனைச்சாலையில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர், வேலை முடிந்து சாப்பிடும்போது கையில் ஒட்டியிருந்த இனிப்பால் தற்செயலாய்க் கண்டது. சீனியைவிட 300 மடங்குக்கு மேல் இனிக்கும், பின்னால் ஒரு கசப்பு நிற்கும். எங்கள் டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எலிகளில் புற்று உண்டாக்கியது என்று 1970-களில் பெரும் பயம் எழும்பியது. அது எலிகளுக்கே உரிய காரணத்தால் வந்தது என்று தெளிந்தபின், 2000-ல் அமெரிக்க அரசு தன் புற்றுப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. அஸ்பார்ட்டேம் 1965-ல் வந்தது; சீனியைப் போல 200 மடங்கு. இதைப் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்புப் போய்விடும், டம்ளரில் ஊற்றியபின் போட வேண்டும். சுக்ரலோஸ் 600 மடங்கு, சூட்டைத் தாங்கும். குடித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சீனிக்கு மிக அருகில் வருவது இதுவே என்றார்கள். சீனித்துளசி என்று நம்மவர் சொல்கிற ஸ்டீவியா, தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டு இலை. அங்குள்ள குவாரனி மக்கள் நெடுங்காலமாய் அறிந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளை நம் நாட்டில் 2015-ல் உணவில் அனுமதித்தார்கள். அதிமதுரத்தைக் கடித்தது போன்ற ஒரு ருசி கடைசியில் நிற்கிறது. பொட்டலம் வாங்கும்போது பின்பக்கம் வாசியுங்கள்; ஸ்டீவியா என்று பெரிதாய்ப் போட்டு, உள்ளே குளூக்கோஸ் மாவு முக்கால் பங்கு சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இவை ஆபத்தா? 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, அஸ்பார்ட்டேம் புற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. அதே நாளில் அதே நிறுவனத்தோடு சேர்ந்த உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. ஒரு மாத்திரையில் இருப்பது சுமார் 20 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தொட நாளைக்கு நூறு மாத்திரைக்கு மேல் போட வேண்டும். பீனைல்கீட்டோன்யூரியா என்ற அபூர்வப் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அது அறவே ஆகாது. அதே ஆண்டு மே மாதம், எடை குறைப்பதற்கென்று இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் அந்நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. ஆகவே, நம் நோயாளி டீயில் ஒரு மாத்திரை போடுவதை எங்கள் டாக்டர்கள் தடுப்பதில்லை, வற்புறுத்துவதும் இல்லை.

ஆனால் மாத்திரைக்காரர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அதை ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் கண்டோம்.

மலைமேலிருந்து ஒரு தாயாரை மருமகள் அழைத்து வந்திருந்தாள். வீட்டில் இன்சுலின் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். வளைவுகளில் பஸ் தாமதம். வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. மருமகள் புத்திசாலி, ஓடிப்போய் கேன்டீனில் டீ வாங்கினாள். சர்க்கரை நோயாளியாயிற்றே என்று சீனி போடாமல் வாங்கி, தன் கைப்பையிலிருந்த இனிப்பு மாத்திரை இரண்டைப் போட்டுக் குடிக்கக் கொடுத்தாள். டீ இனித்தது. அம்மா தெளியவில்லை. பக்கத்தில் வந்த நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 48. உடனே மூன்று ஸ்பூன் குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அம்மா தலைநிமிர்ந்து, தன் பை எங்கே என்று கேட்டார்.

"இனிப்பாத்தானே இருந்துச்சு சிஸ்டர்?" என்று அந்த மருமகள் கேட்டதை நாங்கள் மறக்கவில்லை. நாக்குக்கு இனித்தது, இரத்தத்துக்கு ஒன்றும் போய்ச்சேரவில்லை. பூ விவசாயியின் காரியத்தில் இது தலைகீழ்: ருசி மாறியது, இரத்தத்துக்குப் போனது மாறவில்லை. நாக்கு ஒன்றைச் சொல்ல இரத்தம் வேறொன்றைச் சொல்லும் என்பதை இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இப்போது வார்டில் விளக்குகிறோம்.

ஆகையால் இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டிலும், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் வீட்டிலும், மற்றெல்லாம் மாற்றினாலும் சீனி டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, குழப்பம் கண்டால் மூன்று ஸ்பூன் சீனி அல்லது குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள்; தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்தபின் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கி நினைவில்லாமல் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள்.

சமையலறைச் சோதனையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது, அது நாங்கள் யோசித்ததல்ல. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து கொடைக்கானல் மலையில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடம் வைத்தியத்துக்கு வருவதுண்டு. அப்படி வார்டில் இருந்த ஒரு பாட்டி, நாங்கள் டம்ளர்களை வரிசையாய் வைத்துச் செய்கிற வேடிக்கையைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். அங்கே லயத்தில் டீயில் இனிப்பே போடமாட்டார்களாம். பால் விடாத வெறுந்தேயிலைத் தண்ணி; கையில் ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு. நாங்களும் அப்படிக் குடித்துப் பார்த்தோம். தராசில் நிறுத்தபோது, ஒரு டம்ளர் முடிய ஐந்து கிராம் கருப்பட்டி போதுமாயிருந்தது. நாக்கில் நேரே படுகிறபடியால் கொஞ்சமே நிறைய இனிக்கிறது. கருப்பட்டியை விடவே முடியாது என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு இந்த ஐந்து கிராமும் கணக்கில் சேரும். ஆனால் பன்னிரண்டைவிட ஐந்து குறைவுதானே.

மற்றவர்களுக்கு எங்கள் உணவு ஆலோசகர் சொல்லுகிற வழி இன்னும் சாதாரணமானது. இனிப்பை மாற்றாதே, குறைத்துக்கொண்டே வா. இரண்டு ஸ்பூன் போடுகிறவர் இரண்டு வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தால் நான்கு மாதத்தில் சீனியில்லாத டீக்கு வந்துவிடலாம். நாக்கு பழகிக்கொள்ளும். ஒரேயடியாய் நிறுத்துகிறவர்கள் பத்தாம் நாள் பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள் என்பது எங்கள் அனுபவம். சிற்றாலய ஊழியத்திலிருக்கிற நாங்களும் அப்படியே குறைத்தோம். இஞ்சி, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு தட்டிப்போட்டது உதவிற்று. இப்போது கடையில் தெரியாமல் சாதாரண டீயைக் கொடுத்துவிட்டால் பாயசம் குடித்ததுபோல் இருக்கிறது.

கடினமானது வீடு சந்திப்புதான். ஒரு மாலையில் ஆறு வீட்டுக்குப் போனால் ஆறு டம்ளர் டீ, ஒவ்வொன்றிலும் அன்பின் மிகுதியால் மூன்று ஸ்பூன். வேண்டாம் என்றால் மனம் நோகிறார்கள். ஏழை வீடானால் இன்னும் நோகிறார்கள். ஆகவே நாங்கள் வேண்டாம் என்பதில்லை. "அம்மா, சீனியைத் தனியாய்க் கொடுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டோம். ஒருவரும் இதுவரை வருத்தப்படவில்லை.

இதே காரியத்தைச் சபைகளிடமும் கேட்கிறோம். பெண்கள் ஐக்கியக் கூட்டமானாலும், கன்வென்ஷன் பந்தலானாலும், அடக்க வீடானாலும், நம்மிடத்தில் டீ பெரிய டிரம்மில் சீனி கலந்தே வருகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் அதிகமாய்க் கூடுகிற இடங்களில் எத்தனைப் பேர் அப்படி இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்கள் குடிக்காமல் ஒதுங்குகிறார்கள், அல்லது வெட்கப்பட்டுக் குடித்துவிடுகிறார்கள். இனிப்பில்லாமல் டிரம்மை நிரப்பி, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீனியும் ஸ்பூனும் வைத்தால் செலவும் குறையும். எங்கள் ஊழியர் கூட்டத்தில் இப்படி வைக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது. முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது சமையற்காரர் வாங்குகிற சீனி மாதத்துக்குப் பாதியாய்க் குறைந்திருக்கிறது.

நிலக்கோட்டைப் பூ விவசாயி சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். காலில் புண் ஆறிவிட்டது. எச்பிஏ1சி 7.8. மாத்திரை ஒருவேளையும் தவறுவதில்லை என்று அவர் மனைவி சாட்சி சொன்னார். டீ ஐந்திலிருந்து மூன்றாகியிருக்கிறது, இரண்டு இனிப்பில்லாமல். விடியுமுன் தோட்டத்தில் குடிக்கிற அந்த முதல் டம்ளரில் மட்டும் கால் ஸ்பூன் சீனி போடுகிறாராம். கருப்பட்டி அல்ல, சீனி, அளந்து போட வசதி என்றார். டாக்டர் ஐயா ஒன்றும் சொல்லாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். தோட்டத்துக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறாரா என்று மட்டும் கேட்டார்.